வெயிலில் மட்டும் நின்றுபோன கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் 1991-இல் தயாரானது. இரண்டு கதவு, 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின், இரட்டை கேம்ஷாஃப்ட், ஐந்து கியர். ஓடியிருப்பது 2,12,000 கிலோமீட்டர். உரிமையாளர் என் நண்பர், கணக்கு எழுதுகிற வேலை. ஒன்பது வருடமாக அவரிடம்தான் இருக்கிறது, வாரக் கடைசியில் மட்டும்தான் வெளியே எடுப்பார். ஆயில், பிரேக் பேட், கிளட்ச் கேபிள் எல்லாம் வீட்டிலேயே மாற்றிப் பழகியவர். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், நல்ல ஸ்பேனர் செட், சுமாரான மல்டிமீட்டர் ஒன்று, இவ்வளவுதான் அவருடைய ஒர்க்‌ஷாப்.

இந்த வயதுக் காரில் கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் ஸ்கேனர் செருக இடம் கிடையாது. அமெரிக்காவிலேயே ஸ்கேனர் செருகும் ஓபிடி-2 சாக்கெட் 1996 மாடலிலிருந்துதான் கட்டாயமானது. இதில் ஒரு கனெக்டரின் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தால் டாஷ்போர்டில் இருக்கும் மஞ்சள் விளக்கு கண்சிமிட்டிப் பழுதுக் குறியீட்டைச் சொல்லும். இன்னொரு விஷயம், ஏசி மூன்று வருடமாக வேலை செய்யவில்லை. அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மாதம்: நின்றது, ஓடியது, மறுபடி நின்றது

கோடை தொடங்கிய சமயம். நாற்பது நிமிடம் ஓடிய பிறகு, போய்க்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி என்ஜின் நின்றது. திக்கவில்லை, இழுவை குறையவில்லை, பட்டென்று நின்றது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்தார். அப்புறம் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வாரமும் இதே கதை. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, அதனால் பெட்ரோல் லைனில் ஆவி அடைக்கிறது என்று முடிவுக்கு வந்தார். பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு அது பொருந்தும். இதுவோ பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் வகை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, லைனில் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தம் இருக்கிறது, மிச்சப் பெட்ரோல் ஓயாமல் டேங்குக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. சூடாக நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஆவி தொல்லை கொடுக்கலாம். நல்ல வேகத்தில் ஓடும் என்ஜினைப் பட்டென்று அணைப்பது அதன் குணம் இல்லை.

ஆனாலும் அவர் லைனுக்கு அலுமினியத் தாள் சுற்றினார். அந்த வாரம் வானம் மூடியிருந்தது, கார் நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று எனக்குப் போன் வேறு செய்தார். வெயில் திரும்பியதும் நின்றது. அப்புறம் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், அதற்கும் ஒரு வாரம் நிம்மதி. பிளக், பிளக் வயர், இக்னிஷன் காயில் என்று அடுத்தடுத்து மாற்றினார். ஒவ்வொரு பாகமும் சில நாள் குணம் தந்த மாதிரி இருந்ததுதான் இந்தக் கதையின் சிக்கலே. தினமும் நிற்காத பழுதில், எதை மாற்றினாலும் அதனால் சரியான மாதிரிதான் தெரியும். கழற்றிய பழைய காயிலைக் குப்பையில் போட்டுவிட்டார். அதில் ஒரு கோளாறும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரண்டாம் மாதம்: நானும் அதையே செய்தேன்

என்னைக் கூப்பிட்டபோது நான்கு பாகம் மாறியிருந்தது. போனதும் முதல் வேலையாகக் கனெக்டரை இணைத்துக் குறியீடு பார்த்தேன், ஒன்றும் பதிவாகவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மயக்கம் போட்டு விழுந்தவனிடம் எத்தனை மணிக்கு மயங்கினாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போய்விட்டால் அது எதைப் பதிவு செய்யும்? இந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். அடுத்த முறை நிற்கும்போது கிளட்சை மிதிக்காமல், கியரிலேயே இரண்டு மூன்று விநாடி உருள விட்டு, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொன்னேன். பின்னால் வண்டி இல்லாத நேராக இருக்கும் சாலையில்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். கியரில் உருளும்போது சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வராமல் நின்றிருந்தால் இக்னிஷன் துடிப்பு தொடரும், முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். இக்னிஷன் பக்கம் செத்திருந்தால் என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் விழும். முள் துடிப்பை இக்னிஷனிலிருந்து வாங்கும் கார்களில் இது காசில்லாத பரிசோதனை.

அவருடைய மகள் பக்கத்து இருக்கையிலிருந்து போனில் படம் பிடித்தாள். நான்காவது கியரில் உருளும்போது முள் ஒரே வீழ்ச்சியாகப் பூஜ்யத்துக்குப் போனது. பெட்ரோல் பக்கம் இல்லை என்பது உறுதியானது.

இங்கே நான் சறுக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் இக்னைட்டர் இந்த வயதில் சூட்டில் சாவது சகஜம், முள் விழுந்ததும் அதற்குப் பொருந்தியது. வேறெதற்கெல்லாம் பொருந்தும் என்று யோசிக்காமல், கடன் வாங்கிய இக்னைட்டர் ஒன்றை மாட்டினேன். ஒரு வாரம் போனது. நின்றது. ‘அளக்காமல் பாகம் மாற்றாதே’ என்று அவருக்குப் பாடம் எடுத்துவிட்டு நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

நோட்டில் இருந்த இரண்டு வரி

திருப்பம் மகளிடமிருந்து வந்தது. படம் பிடித்த நாளிலிருந்து அவள் ஒரு நோட்டில் தேதி, நேரம், வெயிலா மேகமா, எத்தனை நிமிடத்தில் நின்றது, எத்தனை நிமிடத்தில் ஓடியது என்று எழுதி வந்திருந்தாள். அதற்கு முந்தைய சம்பவங்களையும் அப்பாவிடம் கேட்டுச் சேர்த்திருந்தாள். பதினொரு சம்பவம் இருந்தது, ஒன்றுகூட இரவில் நடக்கவில்லை.

“ராத்திரி என்ஜின் சூடாகாதுல்ல, அதான்” என்றார் நண்பர்.

“இல்லப்பா, டெம்பரேச்சர் முள் ராத்திரியும் பாதியிலதான் நிக்குது” என்றாள் அவள்.

சரிதான். வெளியே வெயிலோ பனியோ, தெர்மோஸ்டாட் என்ஜின் தண்ணீரை 85, 90 டிகிரிக்குப் பக்கத்தில் பிடித்து வைத்திருக்கும். என்ஜின் சூடுதான் காரணம் என்றால் இரவில் ஒரு தடவையாவது நின்றிருக்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறுவது எது? உட்கார்ந்திருக்கும் அறையின் சூடு. ஏசி இல்லாத, கறுப்பு டாஷ்போர்டு வைத்த கார். கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்தினால் உள்ளே 60 டிகிரி சாதாரணமாக வரும்.

நோட்டில் இன்னொரு வரி: ‘ஆறாம் தடவை: மதியம் மூணு மணி நேரம் வெயில்ல நின்ன கார், ஸ்டார்ட்டே ஆகல. மஞ்ச லைட் எரியல, மத்த லைட் எரிஞ்சது.’ காலையிலிருந்து ஓடாத என்ஜின் அது, தொட்டால் லேசான வெதுவெதுப்புதான். பானெட்டுக்குள் இரண்டு மாதம் தேடிய ‘சூடு’ பானெட்டுக்குள் இல்லவே இல்லை.

மஞ்சள் விளக்கு இன்னும் முக்கியம். சாவியை ஆன் செய்ததும் பேட்டரி விளக்கு, ஆயில் விளக்கு, மஞ்சள் விளக்கு மூன்றும் எரிய வேண்டும். முதல் இரண்டுக்கும் கம்ப்யூட்டர் தேவையில்லை. மூன்றாவதை எரிய வைப்பதே கம்ப்யூட்டர்தான். அது எரியவில்லை என்றால் கம்ப்யூட்டர் விழித்தெழவில்லை. பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுமே, அந்தச் சத்தம் வந்ததா என்று கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வரவில்லை என்றார்கள். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம்: மூன்று பல்பு

இப்போது சந்தேகப் பட்டியல் சுருங்கியது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகும் பாதையில் இக்னிஷன் சுவிட்ச், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான மெயின் ரிலே, பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் என்று மூன்றே இடம், நான்காவதாகக் கம்ப்யூட்டரே. நண்பர் மெயின் ரிலே ஒன்றை ஆர்டர் போடப் போனார். வேண்டாம் என்றேன். ரிலேயை மாற்றி இரண்டு வாரம் நிற்காமல் இருந்தால் அது ரிலேயாலா மேகத்தாலா என்று மறுபடி அதே குழப்பம்தான் வரும். பழுது வரும் நேரத்தில் எந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பாகம் என்று முடிவு செய்தோம்.

மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. டாஷ்போர்டு மீட்டரில் போடும் 12 வோல்ட் குட்டி பல்பு மூன்று எடுத்தோம். ஒன்று சுவிட்சிலிருந்து ரிலேக்கு வரும் கம்பிக்கு, இரண்டாவது ரிலேயிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பிக்கு, மூன்றாவது பம்புக்குப் போகும் கம்பிக்கு. கம்பித் தோலைச் சீவாமல் கனெக்டரின் பின்பக்கமாக ஊசி நுழைத்து எடுத்தோம், ஒவ்வொரு கம்பியிலும் சிறிய ஃப்யூஸ் ஒன்று போட்டோம். புதிதாக இழுத்த கம்பி எங்கேயாவது உரசித் தீப்பிடித்தால் அதைவிடக் கேவலம் கிடையாது. பல்புகளை மீட்டருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினோம். பார்க்கச் சகிக்காது.

அதே நாள் எர்த்தையும் அளந்தோம். என்ஜின் ஓடும்போது கம்ப்யூட்டர் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.04 வோல்ட். 0.1-க்குள் இருந்தால் கவலையில்லை. சுவிட்ச் வழியாக 0.4 வோல்ட் இழப்பு இருந்தது. நல்லது என்று சொல்ல முடியாது, கார் நிற்கும் அளவும் இல்லை. எழுதி வைத்துவிட்டு நகர்ந்தோம்.

முதல் நாள் நாற்பது நிமிடம் ஓட்டினோம், நிற்கவில்லை. பழுதைத் தேடிப் போனால் அது வராது. மறுநாள் வேறு மாதிரி யோசித்து, கண்ணாடியை மூடி மதிய வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்தினோம். டாஷ்போர்டுக்கு அடியில் வைத்திருந்த தெர்மாமீட்டர் 58 காட்டியது. சாவியை ஆன் செய்தோம். முதல் பல்பு எரிந்தது. இரண்டாவது இல்லை, மூன்றாவதும் இல்லை. நண்பர் முழங்காலுக்கு மேலே இருந்த ரிலேயை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மூன்றும் எரிந்தன, பம்ப் முனகியது.

சாயங்காலம் எல்லாம் ஆறிய பிறகு இன்னொரு சரிபார்ப்பு. என்ஜினை ஓடவிட்டு, ஹேர் டிரையரை ரிலேமேல் மட்டும் பிடித்தோம். நான்கு நிமிடத்தில் இரண்டாவது பல்பு அணைந்தது, கூடவே என்ஜினும். ஆறவிட்டோம், ஓடியது. மூன்று தடவை செய்து மூன்று தடவையும் அப்படியே நடந்த பிறகுதான் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம்.

ரிலேக்குள்

ஒரே பெட்டிக்குள் இரண்டு ரிலே இருக்கும் வகை அது, ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று பம்புக்கு. மூடியை நெம்பி எடுத்து, சர்க்யூட் போர்டின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, சாய்த்ததும் தெரிந்தது. கனமான முனைகள் இரண்டைச் சுற்றி மயிரிழை மாதிரி வட்ட விரிசல். முப்பது வருடமாகத் தினமும் சூடாகி, ஆறி, முனை ஒரு அளவு விரிய, போர்டு ஒரு அளவு விரிய, நடுவில் இருக்கும் ஈயம் களைத்துப் போயிருக்கிறது. போதாததற்கு அந்த முனைகள் வழியாகத்தான் அதிக மின்சாரம் ஓடுகிறது, அதன் சூடு வேறு. குளிர்ந்தால் விரிசலின் இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்ளும், அறை சூடானால் விலகும்.

மூன்று வழி இருந்தது: புது ரிலே, இன்னொரு பழைய காரிலிருந்து கழற்றிய ரிலே, இல்லை இதையே மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைப்பது. கழற்றிய ரிலேக்கும் இதே வயதுதான், இதே விரிசல் அதிலும் வளர்ந்துகொண்டிருக்கும். கிடைத்த புது ரிலே அசல் தயாரிப்பாளருடையது இல்லை, உள்ளே எப்படி என்று தெரியாது. எங்கள் ரிலேக்குள் இருக்கும் காயிலும் கான்டாக்டும் நன்றாக இருந்தன. அதனால் பற்றவைத்தோம். புது ரிலேயையும் வாங்கி டிக்கியில் போட்டு வைத்தார், அதையும் நான் தடுக்கவில்லை.

பழைய ஈயத்தின்மேல் புதிது தடவினால் கொஞ்ச நாளில் அதே இடம் வெடிக்கும். உறிஞ்சி எடுத்து, முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஃபிளக்ஸ் தடவி, 60/40 தகர-ஈயக் கம்பியால் எல்லா முனைகளையும் பற்றவைத்தோம். 1991-இல் ஈயம் கலந்ததைத்தான் பயன்படுத்தினார்கள், அதோடு ஈயம் இல்லாத இந்தக் காலத்துக் கம்பியைக் கலப்பது தேவையில்லாத சோதனை. மாட்டிவிட்டு ஹேர் டிரையரைப் பத்து நிமிடம் பிடித்தோம். இரண்டாவது பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

நான்காம் மாதம்: நாமே வைத்த பழுது

மூன்று வாரம் கழித்து நண்பர் போன் செய்தார். கார் நிற்கவில்லை, ஆனால் நிறுத்திய இடத்தில் பெட்ரோல் வாசனை. நான் போகும்வரை சாவியைத் தொடாதே என்றேன்.

முதல் மாதம் ஃபில்டர் மாற்றினாரே, அந்த இடம்தான். இரண்டு தவறு இருந்தது. ஃபில்டர் போல்ட்டின் இருபுறமும் வரும் நசுங்கும் வாஷர்களைப் பழையதையே திரும்பப் போட்டிருந்தார். அவை ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், மறுபடி இறுக்கினால் சரியாக அடைக்காது. அதைவிட மோசம், அங்கே இருந்த பழைய ஹோஸ் விறைத்துப்போயிருக்கிறது என்று கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் சாதாரண ஹோஸை வெட்டிப் போட்டு, திருகும் கிளாம்ப்பால் முறுக்கியிருந்தார். 3 பார் அழுத்தத்தில், என்ஜின் சூட்டில், மூன்று மாதத்தில் அது உப்பி வெடிப்பு விட்டிருந்தது. கிளாம்ப்பின் பல் ரப்பருக்குள் பதிந்திருந்தது. ஒரு துளி சொட்டி எக்ஸாஸ்ட் மேல் விழ ஒரு சாண் தூரம்தான். கார் நடுவழியில் நிற்பது தொந்தரவு, இது உயிர்ப் பிரச்சினை. இல்லாத பழுதைச் சரிசெய்யப் போய் வந்தது.

பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, செல்ஃப் அடித்து லைன் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பேட்டரியைத் துண்டித்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தோம். இன்ஜெக்‌ஷனுக்கு உரிய ‘எஸ்ஏஇ ஜே30ஆர்9’ என்று அச்சிட்ட ஹோஸ், ரப்பரை வெட்டாத வழவழப்பான கிளாம்ப், புது வாஷர். ஓடவிட்டு, வெள்ளைத் துணியால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தோம், ஈரம் இல்லை.

அன்றைக்கு மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் தொடங்கினாள்: இந்தக் காரில் எதற்கு எத்தனை வயது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும். தெரியாது என்றால் மாற்ற வேண்டும் என்றுதான் அர்த்தம், வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றினோம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இவருடைய டயர் பத்து வயதைத் தாண்டியிருந்தது, தரையைத் தொடும் பட்டன் மட்டும் தேயாமல் புதுசு போல. கம்மியாக ஓடும் காருக்கு இது வழக்கம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 கொதிப்பது குறைந்தது 230 டிகிரியில், ஈரம் ஏறிய பிறகு அந்த வரையறை 155-க்கு இறங்கிவிடுகிறது. நண்பர் கடைசியாக மாற்றி நான்கு வருடம். இவை எல்லாம் காயிலுக்கும் பிளக்குக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியவை.

மறுபடி இதே மாதிரி வந்தால்

முதல் சம்பவத்திலேயே நோட்டு வரும். எப்போது நின்றது என்பதோடு எப்போது நிற்கவில்லை என்பதையும் எழுதுவோம், எங்களுக்கு வழி காட்டியது இரவுகள்தான். நின்ற உடனே, ஆறுவதற்கு முன்னால், சாவியை ஆன் செய்து மூன்று விஷயம் பார்ப்போம்: மஞ்சள் விளக்கு, பம்ப் சத்தம், ஆர்பிஎம் முள். மரத்தடியில் உட்கார்ந்த இருபது நிமிடமும் சாட்சி கரைந்துபோன நேரம். கழற்றிய பாகம் எதையும் பழுது உறுதியாகும்வரை தூக்கிப் போடமாட்டோம். பெட்ரோல் லைனைத் தொடுவதாக இருந்தால் வாஷரும் ஹோஸும் கையில் வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்போம். நான் செய்ததில் மாற வேண்டியது இக்னைட்டர் வாரம். ஒரு அறிகுறி எனக்குப் பிடித்த பாகத்துக்குப் பொருந்தியதும் மற்ற கேள்விகளை நிறுத்திவிட்டேன்.

இப்போதைய நிலை

அதற்குப் பிறகு ஒரு முழுக் கோடை போய்விட்டது. கார் ஒரு தடவையும் நிற்கவில்லை, டிக்கியில் இருக்கும் ரிலே டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லை. இரண்டு பல்பைக் கழற்றிவிட்டோம். சுவிட்சுக்கு வைத்த முதல் பல்பை மட்டும் நண்பர் கழற்ற விடவில்லை. போன மாதம் அளந்தபோது சுவிட்ச் இழப்பு 0.4-இலிருந்து 0.6 வோல்ட்டாகியிருந்தது. அடுத்த வேலை அதுதான், புது சுவிட்சுக்குச் சொல்லியாகிவிட்டது. ஏசியைப் பற்றிக் கேட்டால் மட்டும் இன்னும் பேச்சை மாற்றுகிறார்.